மாப்பிள்ளை வீட்டுக் கணப்பு

பெண்ணின் பிரசவத்துக்கு அமெரிக்கா போய் வந்த அம்மாக்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். நயாகரா பார்த்தது, பனியில் வழுக்கி விழுந்தது, பாத்திரம் கழுவுகிற மெஷினில் சோப்பை மாற்றிப் போட்டு அடுக்களை முழுக்க நுரை பொங்கியது... என் கதை ஓர் அடுப்பைப் பற்றியது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒருவரிடம்தான் அதை முழுசாகச் சொல்லியிருக்கிறேன். வெட்கம்தான் காரணம். இன்றைக்கு எழுதத் துணிந்ததற்கும் காரணம் உண்டு. படித்துக் கொண்டே வாருங்கள், தெரியும்.

2008 அக்டோபரில் போனேன். மூத்தவளுக்கு ஏழு முடிந்து எட்டாவது மாசம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில் வீடு. மாப்பிள்ளைக்கு நாஷுவாவில் கம்ப்யூட்டர் வேலை. "டவுனுக்குள்ளே வீடு விலை ஜாஸ்தி அத்தை, அதான் இங்கே வாங்கிட்டோம்" என்றார். சுற்றிலும் மரம், மரம், மரம்தான். மேப்பிள், ஓக், பைன் என்று பெயர் சொல்லிக் காட்டினார். பக்கத்து வீடு என்று இருந்தது ஒன்றே ஒன்று. எண்பது வயசு அம்மாள் ஒருத்தி தனியாக இருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தில் கறுப்பாக ஓர் இரும்புப் பெட்டி நின்றது. பீரோவில் பாதி உயரம்கூட இல்லை. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. உள்ளே சின்ன நெருப்பு, ஆனால் படு சுறுசுறுப்பாக எரிந்து கொண்டிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று முறத்தில் கல் விழுகிற மாதிரி ஒரு சத்தம்.

"இது என்னடி, டி.வி.யா, அடுப்பா?" என்றேன்.

"பெல்லட் ஸ்டவ்ம்மா. மரத்தூள் மாத்திரை போட்டு எரிக்கிறது" என்றாள் பெண்.

மாப்பிள்ளை ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். நம் ஊரில் கறவை மாட்டுக்குப் போடுகிற குச்சித் தீவனம் போலவே இருந்தது. ஆறு மில்லிமீட்டர் கனம், விரல் கணு நீளம், மேலே ஒரு பளபளப்பு. முகர்ந்து பார்த்தால் தச்சுப் பட்டறை வாசனை!

எனக்குச் சட்டென்று மன்னார்குடியில் அம்மா வீட்டுக் கொல்லை ஞாபகம் வந்துவிட்டது. மரவாடியிலிருந்து கோணிச் சாக்கில் மரத்தூள் வாங்கி வருவோம். அடியில் ஓட்டை போட்ட தகர டின்னுக்கு நடுவில் ஒரு பாட்டிலை நிற்க வைத்து, சுற்றிலும் தூளைக் கெட்டியாக இடித்து அடைத்து, பாட்டிலை மெதுவாகத் திருகி எடுத்துவிட வேண்டும். கீழே பற்ற வைத்தால் சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர் எல்லாவற்றுக்கும் ஆகும். இடிக்கிறதில்தான் இருக்கிறது சூட்சுமம். இளக்கமாக இடித்தால் பாதியில் இடிந்து விழுந்து ஒரே புகை மண்டலம். அதே மரத்தூளைத்தான் இவர்கள் மாத்திரையாகப் பிடித்து, கரண்டில் ஓடும் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள்.

எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கேட்டால் மாப்பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிடும். பக்கத்தில் ஜாஃப்ரி என்கிற ஊரிலேயே அப்படி ஓர் ஆலை இருந்தது. மரம் அறுக்கிற இடங்களில் மிஞ்சும் தூளையும் சுருளையும் வாங்கி, உலர்த்தி, மாவாக அரைத்து, துளைகள் போட்ட கனமான எஃகு அச்சின் வழியாக உருளைகளை விட்டு நெருக்கித் தள்ளுவார்களாம். "அப்படிச் சொல்லுங்கோ, இடியாப்பம்!" என்றேன். அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் மரத்துக்குள் இயற்கையாகவே இருக்கிற 'லிக்னின்' என்ற பொருள் இளகி, வெளியே வந்து ஆறியதும் இறுகிப் பிடித்துக் கொள்கிறது. தனியாகக் கோந்து எதுவும் வேண்டாம். நல்ல மாத்திரை எரிந்தால் நூற்றுக்கு ஒரு பங்குகூடச் சாம்பல் தங்காது. தரம் பார்க்க ஒரு சுலபமான வழியும் காட்டினார். ஒரு டம்ளர் தண்ணீரில் நாலைந்தைப் போட்டால் நல்ல மாத்திரை உடனே அடியில் போய் உட்கார வேண்டும். மிதந்தால் சரியாக நெருக்கவில்லை என்று அர்த்தம்.

1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்த பிறகுதான் அந்த நாட்டில் இதற்கு மவுசு வந்திருக்கிறது. வீட்டுக்குள் வைக்கிற அளவில் இந்த ஸ்டவ்வை 1980-களின் தொடக்கத்தில் வடிவமைத்தவர் ஜெர்ரி விட்ஃபீல்ட் என்கிற விமானத் துறை எஞ்ஜினீயர். விமானம் செய்கிற மனுஷர் அடுப்புக்கு வந்தாரே என்று எனக்கு ஆச்சரியம்.

நான் போன 2008-இல் கதை இன்னொரு சுற்று வந்தது. அந்த ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் வரை ஏறிவிட்டது. அந்தப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் நிலவறையில் எண்ணெய்க் கொதிகலன்தான் வைத்திருப்பார்கள். காலன் 4 டாலருக்கு மேல் போனதும் ஜனங்கள் பதறிப் போய் பெல்லட் ஸ்டவ்வுக்கு ஓடினார்கள். ஒரு டன் மாத்திரை, அதாவது 40 பவுண்டு மூட்டையில் 50 மூட்டை, சுமார் 120 காலன் எண்ணெய்க்குச் சமம் என்பது கணக்கு. மாப்பிள்ளையும் ஸ்டவ் வாங்கி, ஒரு குளிர்காலத்துக்கு மூன்று டன் என்று முன்பணம் கட்டினார். வந்தது ஒன்றரை டன். மீதிக்குப் போன் செய்தால், "அடுத்த வாரம் லாரி வரும்" என்று பதில். கல்யாணச் சந்தடியில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்த கதைதான்!

இந்த எரிச்சலில்தான் மாப்பிள்ளை சின்ன மெஷின் ஒன்றை வாங்கிக் கொண்டு வந்தார். வீட்டிலேயே மாத்திரை பிடிக்கப் போகிறாராம். தெரிந்த தச்சர் ஒருவர் தன் பட்டறைத் தூளைச் சும்மா கொடுத்தார். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ப்ளைவுட் தூள் ஆகாது, அதில் பசை இருக்கிறது. பெயின்ட் அடித்த மரம் கூடாது. பழைய வேலி, தாழ்வாரப் பலகைகள் கூடவே கூடாது. செல் அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். அந்த மருந்தை வீட்டு மரத்துக்குப் போடுவதை 2003-ஆம் வருஷக் கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் பழைய பலகைகள் எங்கும் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜில் கச்சேரி ஆரம்பம். முதல் ஈடு வெறும் புழுதியாக வந்தது. தூள் ரொம்பக் காய்ந்து கிடந்தது. "தண்ணி தெளிங்க மாப்பிள்ளை" என்று சொல்லி, நானே புட்டு மாவு பிசிறுகிற மாதிரி பிசிறிக் கொடுத்தேன். பிடித்தால் பிடி நிற்கணும், உதிர்த்தால் உதிரணும், அதுதானே புட்டுப் பதம்? போட்டோம். குபுகுபுவென்று ஆவியோடு கொழகொழத்து வந்து, தொட்டால் உடைந்தது. என் அடுக்களைக் கர்வம் அங்கே கொஞ்சம் அடிபட்டது. கடைசியில் கண்டுபிடித்த பதம் இதுதான்: கையில் அள்ளினால் லேசாகக் குளிர்ச்சி தெரிய வேண்டும், பிடி நிற்கக் கூடாது. நூற்றுக்குப் பன்னிரண்டு பதினைந்து பங்கு ஈரம் என்று மாப்பிள்ளை புத்தகக் கணக்குச் சொன்னார். அச்சு நன்றாகச் சூடேறிய பிறகுதான் பளபளப்பு வந்தது. நிறுத்தும்போது துளைகளில் தூள் இறுகி அடைத்துக் கொண்டு மறுநாள் ஆணியால் குத்த வேண்டி வந்தது. முறுக்கு நாழிக்கு எண்ணெய் தடவுகிற ஞாபகத்தில், "கடைசி ஈட்டிலே கொஞ்சம் எண்ணெயைக் கலந்து ஓட்டிவிடுங்களேன்" என்றேன். அது பலித்தது. மெஷினோடு வந்த புத்தகத்தில் அதையேதான் எழுதியிருந்தது என்று அப்புறம் பெண் படித்துச் சொன்னாள்!

விடிந்தது முதல் பொழுது சாய்கிற வரை உழைத்து இரண்டு மூட்டை தேறியது. கடுங்குளிரில் ஒரு நாளைக்கு ஒரு மூட்டை எரியும். ஆக, இரண்டு பேர் ஒரு நாள் பூரா உழைத்தது இரண்டு நாள் சூட்டுக்கு. அதுவும் கடைச் சரக்கு மாதிரி இல்லை. உதிர்ந்த தூள் ஸ்டவ்வின் திருகுக்குள் போய் அடைத்துக் கொண்டது. மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் மெஷினுக்குப் போர்வை போட்டு மூடினார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

ஸ்டவ்வைப் பார்த்துக் கொள்கிற வேலையை நான் எடுத்துக் கொண்டேன். பெண்ணுக்கு அப்போது குனியவும் முடியாது, 18 கிலோ மூட்டையைத் தூக்கவும் கூடாது. நான் கிண்ணம் கிண்ணமாக அள்ளிப் போடுவேன். மேலே தொட்டியில் கொட்டினால் ஒரு திருகு சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிற கிண்ணத்தில் தள்ளும். ஒரு விசிறி காற்று ஊதும், புகையைச் சுவரைத் துளைத்துப் போகும் குழாய் வழியாக வெளியே தள்ளும். இன்னொரு விசிறி சூட்டை அறைக்குள் அனுப்பும். நெருப்பு வெளுத்த மஞ்சளாகத் துள்ளி எரிந்தால் சரி. சிவந்து, சோம்பலாக, நுனி கறுத்து ஆடினால் காற்றுப் போதவில்லை, கிண்ணத்தைச் சுரண்ட வேண்டும் என்று அர்த்தம். இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, விறகடுப்பு சொல்லித் தந்தது. கண்ணாடியில் கரி படிந்தால் ஈரப் பேப்பரைச் சாம்பலில் தொட்டுத் தேய்ப்பேன், பளிச்சென்று ஆகிவிடும். மிச்சச் சாம்பலில் பாத்திரம் தேய்க்கப் போனதற்குத்தான் பெண் தலையில் அடித்துக் கொண்டாள்! அள்ளிய சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். பார்க்க அணைந்த மாதிரி இருக்கும். உள்ளே கங்கு இரண்டு நாள்கூட இருக்கும்.

டிசம்பர் 1-ஆம் தேதி பேரன் பிறந்தான். சுகப்பிரசவம். டிசம்பர் 11, வியாழக்கிழமை, பதினோராம் நாள். தொட்டில் போட்டு, காப்புக் கட்டி, பெயர் வைத்தோம். பாயசம் வைத்தேன். வெளியே மழை தூறிக் கொண்டிருந்தது. குளிர்காலத்தில் பனி கொட்டாமல் மழையா என்று நான் சந்தோஷப்பட்டேன். அது சந்தோஷப்படுகிற மழை இல்லை. விழுந்த இடத்தில் உறைகிற மழை. ஒவ்வொரு கிளையிலும் கண்ணாடி மாதிரி ஐஸ் ஏறிக் கொண்டே போய், நடு ராத்திரியில் பாரம் தாங்காமல் மரங்கள் முறியத் தொடங்கின. வேட்டுச் சத்தம் போல ஒன்று, பின்னாலேயே கண்ணாடிக் கடை சரிந்த மாதிரி ஒரு கலகலப்பு. விடிய விடிய இதே சத்தம். எந்த நேரத்திலோ கரண்ட் போயிற்று. 'டிக்... டிக்...' நின்றது. அந்த மாநிலத்தில் மட்டும் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு அன்றைக்கு மின்சாரம் போனது. சில இடங்களில் திரும்பி வர இரண்டு வாரம் ஆயிற்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொட்டி நிறைய மாத்திரை இருக்கிறது, கராஜில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. ஆனால் திருகு சுற்றக் கரண்ட் வேண்டும், ஊதக் கரண்ட் வேண்டும், புகையை வெளியே தள்ளக் கரண்ட் வேண்டும். சரி, பழைய எண்ணெய்க் கொதிகலன் இருக்கிறதே என்றால் அதற்கும் கரண்ட் வேண்டும். சமையல் அடுப்பு கரண்ட். கிணற்றுத் தண்ணீரை ஏற்றுகிற மோட்டாரும் கரண்ட், ஆகவே குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பதினோரு நாள் பச்சை உடம்புக்காரி ஒருத்தி, பதினோரு நாள் சிசு ஒன்று!

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை ஜெனரேட்டர் எங்காவது கிடைக்குமா என்று நடந்தே கிளம்பினார். ரோட்டை மறித்து மரங்கள் கிடந்தன, காரை எடுக்க வழியில்லை. நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கூடத்துச் சுவரில் இருந்த வெப்பமானி 48 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. நம் கணக்கில் 9 டிகிரி. குழந்தையை மார்போடு அணைத்து, மேலே நாலு கம்பளி போர்த்திக் கொண்டு பெண் தூங்கிப் போனாள். குழந்தையின் மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. என் வயிறு என்னவோ செய்தது.

கராஜில், கோடையில் இறைச்சி சுடுவதற்காக முந்தைய வீட்டுக்காரர் விட்டுப் போன கரி மூட்டை ஒன்று கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். நான் பெற்ற அறையில் கரிச்சட்டி வைத்தார்கள். என் அம்மா பெற்ற அறையிலும் வைத்தார்கள். புகை அடங்கி, கங்கு கனிந்த பிறகுதான் உள்ளே கொண்டு வர வேண்டும் என்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். தெரிந்தது அவ்வளவுதான்.

கராஜ் கதவைப் பாதி தூக்கி வைத்துக் கரியைப் பற்ற வைத்தேன். புகை போய்ச் சிவந்ததும் பெரிய இரும்பு வாணலியில் அள்ளிக் கொண்டு வந்து அவர்கள் படுத்திருந்த அறையில், கட்டிலுக்கு நாலடி தள்ளி வைத்தேன். ஊரிலிருந்து கொண்டு போன சாம்பிராணியையும் ஒரு சிட்டிகை போட்டேன். சூடு வெளியே போகாமலிருக்கக் கதவைச் சாத்தினேன். கதவிடுக்கில் ஒரு துண்டை வேறு சுருட்டி வைத்தேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

அறை இதமாகிவிட்டது. நானும் கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தேன். தலை கனத்தது. ராத்திரி தூக்கமில்லை, சாப்பிடவும் இல்லை, அதனால் என்று நினைத்தேன். அரைமணி போயிருக்கும். சுவரில் இருந்த வெள்ளை டப்பா ஒன்று 'கீ... கீ... கீ... கீ...' என்று அலற ஆரம்பித்தது. புகை வந்தால் கத்துகிற மணி என்றுதான் எனக்குத் தெரியும். தோசைக்கல் காய்ந்தாலே இந்த ஊரில் மணி அடிக்குமே! சாம்பிராணிக்காகக் கத்துகிறது, குழந்தை விழித்துக் கொள்ளப் போகிறது என்று ஸ்டூலைப் போட்டு ஏறி அதன் பேட்டரியைக் கழற்றப் போனேன்.

"அம்மா... தலையை ரொம்ப வலிக்குதும்மா" என்று ஒரு குரல். திரும்பினால் பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாணலியைப் பார்த்தாள். "அம்மா! என்ன பண்ணிட்டே!" என்று அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. குழந்தையைக் கம்பளியோடு சுருட்டி எடுத்துக் கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். நான் வாணலியை வெறுங்கையால் தூக்கிக் கொண்டு போய் ஐஸில் வீசினேன். 'சுர்ர்ர்' என்று போயிற்று. வலது உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அம்மாள் டார்ச்சுடன் வந்து நின்றாள். இந்தக் குளிரில் எல்லா ஜன்னலும் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஐஸில் ஊன்றி ஊன்றி வந்திருக்கிறாள். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. பேச்சு மூச்சில்லாமல் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். வீடு வீடாக விசாரித்துக் கொண்டு வந்த தீயணைப்புத் தொண்டர்கள் இரண்டு பேர் பெண்ணுக்கும் குழந்தைக்கும் எனக்கும் பிராணவாயு கொடுத்தார்கள். ரொம்ப நேரம் சோதித்துப் பார்த்துவிட்டு, "சரியான நேரத்தில் வெளியே வந்தீர்கள்" என்றார்கள். பாதை திறந்ததும் டாக்டரும் பார்த்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. புகை அடங்கின கங்கு நல்ல கங்கு என்று நாம் நினைக்கிறோம்; அந்தக் கங்கிலிருந்துதான் அது வந்து கொண்டேயிருக்கும். நம் ரத்தத்தில் பிராணவாயு போய் ஒட்டிக் கொள்ள வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக் கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம். தூக்கத்திலேயே போய்விடுவார்கள். வயிற்றுச் சிசுவுக்கும் பச்சைக் குழந்தைக்கும் ஆபத்து இன்னும் அதிகம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று பேப்பரில் வருகிறதே, அது இதுதான்.

நான் எளிதாக நினைத்த அந்த மாத்திரையிடமும் இந்தக் குணம் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஐரோப்பாவில் சில வீடுகளில் மூட்டையாக இல்லாமல், ஓர் அறை நிறைய மாத்திரையைக் கொட்டி வைப்பார்கள். எரிக்காமலே, சும்மா கிடக்கும்போதே அதிலிருந்து இந்த வாயு கசிந்து மூடின அறையில் சேருமாம். 2011-இல் ஸ்விட்சர்லாந்தில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அப்படி ஓர் அறைக்குள் போய் இறந்து போனாள். பெண் இதைப் போனில் சொன்னபோது எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த அம்மாள் வீட்டில் பழைய வார்ப்பிரும்பு விறகடுப்பு இருந்தது. அதற்கு விசிறி, திருகு, கரண்ட் ஒன்றும் வேண்டாம். பத்து நாள் அங்கேதான் இருந்தோம். முதல் நாள் நான் ஒரு மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைக் கையைப் பிடித்து எழுப்பி, அடுப்பின் கதவைக் காட்டினாள், பிறகு குழாயைக் காட்டினாள், அது கூரையைத் துளைத்துப் போகிற இடத்தைக் காட்டினாள். என்னுடைய ஆங்கிலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு வருஷம் காய வைத்த விறகைத்தான் எரிப்பாளாம். வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் ஆளைக் கூப்பிட்டுக் குழாயைச் சுத்தம் செய்வாளாம். தினமும் சாயங்காலம் விளக்கேற்றுகிற மாதிரி, சுவரில் இருக்கிற டப்பாவின் பொத்தானை அழுத்தி, அது கத்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

விறகு தள்ளுவதை நான் ஏற்றுக் கொண்டேன். அந்த அடுப்பின் மேலேயே பெண்ணுக்குப் பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் வைத்தேன். அந்த அம்மாள் ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துக் கண்ணைத் துடைத்துக் கொண்டு, இன்னொரு கோப்பை கேட்டாள்.

மாப்பிள்ளை அன்று ராத்திரி வெறுங்கையோடு திரும்பி வந்தவர், நடந்ததைக் கேட்டுவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் கைக்கு மருந்து போட்டுக் கட்டிவிட்டார். கரண்ட் வந்து வீடு திரும்பிய பிறகு நான்தான் பேச்சை எடுத்தேன். அந்த வருஷம் தமிழ்நாட்டில் தினமும் மின்வெட்டு, மணிக் கணக்கில். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இன்வர்ட்டர் வந்துவிட்டது. "மாப்பிள்ளை, இந்த ஸ்டவ்வுக்கு ஒரு இன்வர்ட்டர் வெச்சா என்ன?" என்றேன். அவர் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். அடுத்த வாரமே பாட்டரியும் அதுவும் வந்து சேர்ந்தன. ஸ்டவ் ஏழெட்டு மணி நேரம் தாக்குப் பிடிக்கும் என்றார். ஜனவரியில், பாக்கி ஒன்றரை டன்னும் ஒரு வழியாக வந்தது. லாரியில் உறை கிழிந்து பனித் தண்ணீர் இறங்கிய ஏழெட்டு மூட்டை ஊறின அவல் மாதிரி உப்பிப் போயிருந்தது. மாத்திரை நனைந்தால் அவ்வளவுதான், மறுபடி தூள்தான். போன் செய்து கேட்டதற்குக் கிடைத்த பதிலைச் சொன்னால் பக்கம் நிறைந்துவிடும்.

2010-இல் இளையவளுக்குப் பிரசவம். இங்கே மன்னார்குடியில், எங்கள் வீட்டில். ஐப்பசி மழை விடாமல் பெய்தது. வீட்டுக்காரரின் அக்கா, குடும்பத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைப்பேறு பார்த்தவர், ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுக் கரிச்சட்டியோடு அறைக்குள் நுழைந்தார். நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன்.

"என்னம்மா இது? பச்சைப் புள்ளைக்குக் காத்து அடிச்சா ஜன்னி வந்துடாதா? நாமெல்லாம் இப்படித்தானே பெத்தோம்?" என்றார்.

என் வலது கையை விரித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். துண்டைச் சுருட்டிக் கதவிடுக்கில் வைத்தது வரை.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முந்தானையால் சட்டியைப் பிடித்துத் தூக்கிக் கொண்டு முற்றத்துக்குப் போனார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அந்த ஜன்னலைத் திறந்து வை. பரண்லே பெரிய கம்பளி இருக்கும் பாரு, அதை எடுத்துப் போர்த்திவிடு."